கணிப்பொறிவழி உற்பத்தி: மென்பொருள் உரிமமும் அதன் சிக்கல்களும்

சித்தூர், திருப்பதி என்றவுடன் மாந்தோப்பும் மலைக்கோயிலும் நினைவுக்கு வருவது இயல்பே. எனினும், கடந்த நாற்பது ஆண்டுகளில் இப்பகுதி இயந்திரத் தொழிலிலும் கணிசமான முன்னேற்றம் கண்டிருக்கிறது. 1985இல் தொடங்கப்பெற்ற அமர ராஜா நிறுவனத்தின் மின்கலத் தொழிற்சாலை திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் இருக்கிறது. காளஹஸ்திக்கு அருகே ராச்சகுன்னேரியில் இரும்புக் குழாய்கள் வார்க்கப்படுகின்றன. திருப்பதியில் ரயில் பெட்டிகளைச் செப்பனிடும் பணிமனை ஒன்று உண்டு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் மெட்ரோ ரயில் பெட்டிகளும், 2016 முதல் இசுசு வாகனங்களும் உற்பத்தியாகின்றன. ரேணிகுண்டாவைச் சுற்றி மின்னணுச் சாதனத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன.

இத்தகைய ஆலைகள் உள்ள இடங்களில், அவற்றிற்கு வேண்டிய அச்சுகளையும் பிடிகருவிகளையும் மாற்று உறுப்புகளையும் செய்து தரும் சிறு பட்டறைகளுக்கு வேலை உண்டாகிறது. அப்பட்டறைகளில் இன்று கைச்சக்கரம் சுழற்றும் லேத்துகளுக்கு அருகிலேயே கணிப்பொறிக் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. இயந்திரங்களும் நிற்கின்றன. தொழில் விரிவாக்க அலுவலர்கள் இத்தகைய பட்டறைக்குச் செல்லுங்கால் இயந்திரத்தைப் பற்றியும், வங்கிக் கடனைப் பற்றியும், மின்சாரத்தைப் பற்றியும் விசாரிப்பது வழக்கம். இயந்திரத்திற்குக் கட்டளை எழுதித் தரும் மென்பொருளைப் பற்றி விசாரிப்பது குறைவு. ஆயின், வேலை தடைப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. கடனடைத்துச் சொந்தமாக்கிய இயந்திரம் பழுதின்றி நிற்க, மென்பொருளின் உரிமம் முடிந்துவிட்ட காரணத்தால் புதிய ஜாப் ஏற்ற இயலாமற்போவது, இத்தொழிலுக்கே புதிதாக வந்து சேர்ந்த ஒரு துன்பமாகும்.

மென்பொருள் செய்யும் பணி

சி.என்.சி. இயந்திரம் வரைபடத்தைப் புரிந்துகொள்வதில்லை. வெட்டுக்கருவி எந்த இடத்திலிருந்து எந்த இடத்திற்கு, எந்த வேகத்தில் நகர வேண்டும் என்ற வரிவரியான கட்டளைகளையே அது ஏற்கும். இக்கட்டளைத் தொகுதி ஜி-கோடு எனப்படும். ஜி0 என்பது உலோகத்தைத் தொடாமல் விரைந்து நகர்வதற்கும், ஜி1 என்பது குறித்த வேகத்தில் வெட்டிக்கொண்டு நேர்கோட்டில் நகர்வதற்கும் உரிய கட்டளைகள். எளிய துளைகளையும் படிக்கட்டு அமைப்புகளையும் தேர்ந்த தொழிலாளி காகிதத்தில் கணக்கிட்டே எழுதிவிடலாம். வளைந்த பரப்புடைய ஓர் அச்சிற்கோ பல்லாயிரம் வரிகள் தேவைப்படும். அவற்றைக் கையால் எழுதுதல் ஆகாத காரியம். ஆகவே, கணிப்பொறியில் வரைந்த உருவத்தைக் கொண்டு கருவியின் பாதையைக் கணித்து, அதனை ஜி-கோடாக மாற்றித் தரும் மென்பொருள் தேவைப்படுகிறது. பட்டறைகளில் இது 'கேட்-கேம்' என்று சுருக்கமாக வழங்கும்.

இவ்வேலை இரண்டு படிகளில் நிகழ்வதை ஆசிரியர்கள் மாணவருக்கு அழுத்திக் கூறுதல் அவசியம். முதற்படியில் கருவியின் பாதை கணிக்கப்படுகிறது. இது எந்த இயந்திரத்திற்கும் பொதுவானது. இரண்டாம் படியில் அப்பாதை, குறிப்பிட்ட ஓர் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி அறிந்த மொழியில் எழுதப்படுகிறது. இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் சிறு நிரலுக்குப் போஸ்ட் புராசஸர் என்று பெயர். பின்னர்க் கூறப்படும் சிக்கல்களுள் பாதி இச்சிறு நிரலைச் சுற்றியே எழுவதால், இப்பெயரை நினைவில் இருத்துதல் நலம்.

இப்பிரிவினை மிகப் பழையது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் 1952இல் எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரம் செயல்முறையில் காட்டப்பெற்றது. அங்கேயே டக்ளஸ் ராஸ் என்பாரின் தலைமையில் உருவான ஏ.பி.டி. என்னும் நிரல்மொழி 1959இல் பொதுமக்கள் முன்னிலையில் வெளியிடப்பட்டது. அமெரிக்க விமானப்படையின் பணத்தாலும், விமானத் தொழிற்சாலைகளின் கூட்டு முயற்சியாலும் உருவான அம்மொழி, ஒரு கம்பெனியின் தனிச் சரக்காக இருக்கவில்லை. கேம் மென்பொருள் பூட்டும் சாவியுமாக விற்கப்படும் சரக்கானது அதற்குப் பின்னர்தான். ஜி-கோடு மட்டும் பொதுவுடைமையாகவே நின்றது; 1982இல் அது ஐ.எஸ்.ஓ. 6983 என்னும் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

வாங்கப்படுவது யாது?

மென்பொருளை வாங்கியவர் தாம் ஒரு பொருளை வாங்கியதாகவே எண்ணுகிறார். லேத் வாங்கியவர் அதனை விற்கலாம், அடகு வைக்கலாம், மகனுக்குக் கொடுக்கலாம். மென்பொருளுக்கு இது பொருந்துமா என்னும் வினாவைப் பல நாட்டு நீதிமன்றங்கள் ஆராய்ந்துள்ளன. அவற்றுள் முக்கியமான ஒரு வழக்கு ஆந்திரப் பிரதேசத்திலிருந்தே எழுந்தது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்திற்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையே நடந்த அவ்வழக்கில், தகட்டில் பதித்து விற்கப்படும் மென்பொருள் 'சரக்கு' ஆகும், எனவே மாநில விற்பனை வரிக்கு உட்பட்டது என்று 2004 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2021 மார்ச் 2ஆம் தேதி வெளியான மற்றொரு தீர்ப்பில், வெளிநாட்டு மென்பொருளைத் தம் உபயோகத்திற்கென வாங்குவோர் செலுத்தும் விலை பதிப்புரிமைக்கான ராயல்டி ஆகாது என்று அதே நீதிமன்றம் கூறிற்று. வாங்குவோர் கைக்கு வருவது பதிப்புரிமை பெற்ற பொருளின் ஒரு பிரதியேயன்றிப் பதிப்புரிமை அன்று என்பது இதன் கருத்து.

மறுவிற்பனை பற்றிய அயல்நாட்டுத் தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. ஆட்டோகேட் மென்பொருளின் பழைய பிரதிகளை விற்க முயன்ற வெர்னர் என்பவரின் வழக்கில், அவருக்கு அப்பிரதிகளைக் கொடுத்தவர் உடைமையாளர் அல்லர், நிபந்தனைக்குட்பட்ட அனுமதி பெற்றவரே என்று 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று முடிவு செய்தது. இரண்டே ஆண்டுகளில், நிரந்தர உரிமத்துடன் விற்ற மென்பொருளை மறுபடி விற்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் கூறிற்று. இத்தீர்ப்புகள் இந்தியாவைக் கட்டுப்படுத்துவன அல்ல. வரி கேட்கும் வேளையில் சரக்காகவும், வாங்கியவர் விற்க முற்படும் வேளையில் வெறும் அனுமதியாகவும் ஒரே பொருள் தோன்றுவது சற்று விந்தையே. ஆனால் பட்டறை உரிமையாளருக்கு இதனால் விளங்க வேண்டியது, தம் கையிலுள்ள ஒப்பந்தத்தைப் படித்தாலன்றித் தாம் வாங்கியது இன்னதென்று அறிய இயலாது என்பதே.

நிரந்தர உரிமம் என்பதும் இப்பொழுது அருகி வருகிறது. பிரிட்டனின் பர்மிங்ஹாம் நகரில் கேம் மென்பொருள் செய்துவந்த டெல்காம் கம்பெனியை 2014இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. அதே ஆட்டோடெஸ்க், தன் தனித்த மென்பொருள்களுள் பெரும்பாலானவற்றிற்குப் புதிய நிரந்தர உரிமம் விற்பதை 2016 ஜனவரி இறுதியுடன் நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. சந்தாவில் தொடக்கச் செலவு குறைவு. புதிய பதிப்புகளும் உடனுக்குடன் கிட்டும். ஆர்டர் நிறைந்த ஆண்டில் இது வசதியே. ஆர்டர் குறைந்த ஆண்டில்தான் இதன் மறுபுறம் தெரியும். சந்தா நின்றவுடன் புதிய வேலை மட்டுமன்றி, பழைய வேலையைத் திறந்து திருத்துவதும் நின்றுவிடும்.

பூட்டுகளும் அவை பழுதாகும் விதங்களும்

உரிமத்தைக் காக்கும் பூட்டுகள் பலவகை. பழைய வகை, டாங்கிள் எனப்படும் சிறு சாவிக்கட்டை. முன்பு கணிப்பொறியின் அச்சுப்பொறித் துளையில் பொருத்தப்பட்ட இது, பிற்காலத்தில் யு.எஸ்.பி. துளைக்கு மாறியது. பழைய துளை இல்லாத புதுக் கணிப்பொறி வாங்கப்பெற்றதும், நல்ல நிலையிலுள்ள சாவியும் பயனற்றுப் போவதுண்டு. சாவி தொலைந்தால் உரிமமே தொலைந்ததாகக் கொள்ளப்படும் என்று பல ஒப்பந்தங்கள் கூறுகின்றன. ஆகவே அதனை மேசைமேல் விட்டுச் செல்லாமல், இயந்திரத்தின் விலையுயர்ந்த உறுப்பைப் போல் பதிவேட்டில் எழுதிக் காத்தல் வேண்டும். காப்பீட்டுப் பட்டியலிலும் சேர்க்க முயலலாம்.

இரண்டாவது வகையில், கணிப்பொறியின் வலைப்பின்னல் அட்டையின் எண்ணோ வேறோர் அடையாளமோ உரிமக் கோப்பில் பதிக்கப்படும். மின்னழுத்த ஏற்றத்தாழ்வினால் அட்டை எரிந்துபோனால், புதிய அட்டையின் எண் வேறாக இருப்பதால் உரிமம் செல்லாததாகும். இன்னொரு சிறு காரணத்தையும் களப் பணியாளர் அறிந்திருப்பது நல்லது. தவணை குறித்த உரிமங்கள் கணிப்பொறியின் தேதியைப் பார்த்தே இயங்கும். கணிப்பொறியினுள் இருக்கும் சி.ஆர். 2032 என்னும் காசு வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்று வந்தபின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லும். கடிகாரத்தைத் திருத்தி ஏமாற்ற முயல்வதாக எண்ணி மென்பொருள் திறக்க மறுக்கும். சொற்ப விலையுள்ள மின்கலத்தை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் தீரக்கூடிய இக்கோளாறு, டீலருக்குக் கடிதமும் தொலைபேசியுமாகச் சில நாட்களை விழுங்கிவிடக்கூடும்.

இன்றைய வகை, இணையத்தின் வழியே கையொப்பமிட்டு நுழைவதாகும். சாவி தொலையும் பயம் இதில் இல்லை. அதற்குப் பதிலாக இணைப்பு அறுபடும் பயம் உண்டு. வரைபடக் கோப்புகளும் கம்பெனியின் சேமிப்பகத்திலேயே இருக்குமாயின் சார்பு இரட்டிப்பாகிறது. சேவை நிற்பதற்குப் பணம் செலுத்தாமை மட்டுமே காரணமாக இருக்க வேண்டுவதில்லை. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடைகளை ஒட்டி, குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்திற்கு மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர்நீதி மன்றத்தை அணுகிய சில நாட்களில் அவை மீண்டும் கிடைத்தன. பெரிய ஆலைக்கு வழக்கறிஞர்கள் உண்டு. சித்தூர்ப் பட்டறைக்கு அவ்வசதி இல்லை.

நிரந்தர உரிமம் உள்ளோரும் கவலையற்றிருக்க இயலாது. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. பழைய கேம் பதிப்பு புதிய விண்டோஸில் ஓடாதெனில், பழைய கணிப்பொறியை இணையத்திலிருந்து துண்டித்து, அவ்வேலைக்கென்றே தனியாக வைத்துக் காப்பதே வழி.

ஆதரவும் போஸ்ட் புராசஸரும்

ஆதரவு என்னும் பெயரில் ஆண்டுதோறும் ஒரு தொகை கேட்கப்படுகிறது. அதற்குப் பதிலாகக் கிடைப்பது யாது என்று கேட்டால், பட்டறையினர் பலவாறு விடை கூறுவர். புதிய பதிப்புகள் வருவது உண்மை. ஆனால் பட்டறைக்கு உண்மையில் வேண்டுவது, இயந்திரத்தின் அருகில் நின்று சிக்கலைத் தீர்க்கும் ஒருவரே. திருப்பதியிலிருந்து சென்னை ஏறத்தாழ 135 கிலோமீட்டர். பெங்களூர் ஏறத்தாழ 250. மாநிலத்தின் பழைய தலைநகரான ஐதராபாத் 500க்கும் மேல். டீலர் எந்த நகரில் இருப்பினும், நேரில் வருவதற்கு ஒரு நாள் போய்விடும். தொலைவிலிருந்து திரையைப் பார்த்துத் திருத்தும் முறை இக்குறையை ஓரளவு நீக்கியிருக்கிறது. எனினும் தெலுங்கும் தமிழும் பேசும் தொழிலாளி, ஆங்கில விளக்கநூலைக் கொண்டு தம் இடரை ஆங்கிலத்தில் எழுதிக் கேட்க வேண்டிய நிலை மாறிவிடவில்லை.

இடர் எங்கே தோன்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஃபானுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் சில அமைப்புகளின்படி, 'எக்ஸ்10' என்று புள்ளியின்றி எழுதினால் அது 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, என்று கொள்ளப்படும், 'எக்ஸ்10.' என்று புள்ளியிட்டால்தான் 10 மில்லிமீட்டர். துளையிடும் தொடர்கட்டளை ஃபானுக்கில் ஜி83. சீமென்ஸ் பெட்டியில் சைக்கிள்83 என்ற வேறு அமைப்பு. ஹைடன்ஹைன் பெட்டிக்கோ தனியானதொரு நடை. இந்த வேறுபாடுகளை அறிந்து எழுதுவது போஸ்ட் புராசஸரின் கடமை. அது தவறாயின் கருவி உலோகத்திற்குள் இறங்க வேண்டிய இடத்தில் பிடிகருவியின் மேல் மோதும், ஸ்பிண்டில் பழுதாகும். ஆயினும், கேம் மென்பொருள் வாங்குவோர் விலையையும் படங்களின் அழகையும் ஒப்பிடுகின்றனரேயன்றி, தம் இயந்திரத்திற்கு உரிய போஸ்ட் விலையில் அடங்குமா, பின்னர் இயந்திரம் மாறினால் திருத்திக் கொடுப்பது யார், அதனைத் தாமே திறந்து திருத்த அனுமதி உண்டா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவதில்லை. சில கம்பெனிகள் போஸ்டைத் திறந்த எழுத்தாகவே தருகின்றன; வேறு சில, படிக்க இயலாதவாறு மூடித் தருகின்றன. வாங்குமுன் அறியவேண்டிய முதல் வேறுபாடு இதுவே எனலாம்.

வேலை முடிந்து இயந்திரத்தில் ஓடிச் சரிபார்க்கப்பட்ட பின்னரே கடைசித் தவணையைச் செலுத்துவது என்று இயந்திரம் வாங்குங்கால் நிபந்தனை விதிப்பதுண்டு. அதே நிபந்தனையை மென்பொருளுக்கும் விதித்தல் தகும். ஆண்டுப் பராமரிப்பை இடையில் நிறுத்தி மீண்டும் சேர விரும்பினால், விடுபட்ட ஆண்டுகளுக்கும் கட்டணம் கேட்கப்படுமா என்பதையும் முன்னரே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இலவசப் பதிப்புகள்

கல்வி நிலையங்களுக்கும் தனிப் பயிற்சியாளருக்கும் பல கம்பெனிகள் விலையின்றிப் பதிப்பு வழங்குகின்றன. மாணவருக்கு இது பெரும் உதவியே. ஆனால் அதன் எல்லையை அறியாது பழகுவது தீமை. ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஃப்யூஷன் 360இன் தனிநபர் இலவசப் பதிப்பில் 2020இல் செய்த மாற்றங்கள் நல்ல பாடமாகும். திருத்தக்கூடிய நிலையில் வைத்திருக்கும் கோப்புகள் பத்து என்று வரையறுக்கப்பட்டன; தானே கருவி மாற்றும் கட்டளை நீக்கப்பட்டது; ஜி0 என்னும் விரைவு நகர்வு, வெட்டும் வேகத்திற்கே குறைக்கப்பட்டது.

கடைசியாகக் கூறிய மாற்றம் சிறிதாகத் தோன்றும். கணக்கிட்டால் அதன் அளவு தெரியும். ஒரு ஜாப்பில் கருவி உலோகத்தைத் தொடாமல் நகரும் தூரம் மொத்தம் 12 மீட்டர் என்று கொள்வோமாயின், நிமிடத்திற்கு 10,000 மில்லிமீட்டர் வேகத்தில் அதற்கு 1 நிமிடம் 12 விநாடி ஆகும். நிமிடத்திற்கு 500 மில்லிமீட்டர் என்னும் வெட்டும் வேகத்தில் 24 நிமிடம் ஆகும். அத்தகைய ஜாப் பத்து எனில், முன்னதில் 12 நிமிடமும் பின்னதில் 4 மணி நேரமும் செலவாகும். வகுப்பறையில் இது பொருட்டன்று. பட்டறையிலோ அரை ஷிப்டு.

கல்விப் பதிப்பைக் கொண்டு கூலிவேலை செய்வது பொதுவாக ஒப்பந்தத்திற்கு மாறானது. தொழிற்பயிற்சி நிலையம் வெளியாரின் வேலையை ஏற்றுச் செய்யுமாயின், அதற்குத் தனி உரிமம் தேவைப்படுமா என்று ஆசிரியர் விசாரித்தறிதல் வேண்டும். பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி பற்றியும் ஒரு சொல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதியென அறிந்தே அதனைக் கணிப்பொறியில் உபயோகிப்போருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இதே சட்டத்தின் 52ஆம் பிரிவு வாங்கியவருக்கு ஆதரவாகவும் பேசுகிறது. முறையாகப் பெற்ற பிரதி அழிந்துபோகாமற் காக்க மாற்றுப்பிரதி எடுத்து வைத்துக்கொள்வது குற்றமாகாது. இரண்டாவது செய்தி முதலாவதைப் போலப் பரவாதது வருந்தத்தக்கது.

கைவசம் இருக்க வேண்டியவை

உரிமம் முடிந்த மறுநாளும் பட்டறை ஓட வேண்டுமாயின், மென்பொருளுக்கு வெளியே சில பொருள்கள் இருத்தல் வேண்டும். முதன்மையானது, இயந்திரத்தில் ஓடிச் சரியென்று கண்ட ஜி-கோடு. அது வெறும் எழுத்துக்கோப்பு. எந்தக் கணிப்பொறியிலும் திறக்கும். ஜாப் எண், வரைபடத்தின் திருத்த எண், கருவிகளின் பட்டியல், சூனியப்புள்ளி எங்கே எடுக்கப்பட்டது என்பவற்றை அக்கோப்பின் தலைப்பிலேயே குறித்து வைக்கலாம். அடுத்தது, உருவத்தின் பொதுவடிவக் கோப்பு. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு கோப்பு வடிவம் வைத்திருப்பினும், ஐ.எஸ்.ஓ. 10303 என்னும் தரத்தைச் சேர்ந்த ஸ்டெப் வடிவத்தைப் பெரும்பாலானவை எழுதவும் படிக்கவும் வல்லவை. வேலை முடிந்த அன்றே ஸ்டெப் பிரதி ஒன்று எடுத்துவிட வேண்டும். உரிமம் முடிந்தபின் எடுக்க இயலாது. மூன்றாவது போஸ்ட் புராசஸரின் பிரதி.

மாற்று வழிகளும் உள்ளன. மூலநிரல் திறந்துள்ள ஃப்ரீகேட் மென்பொருளின் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளியாயிற்று. கருவிப்பாதை கணிக்கும் பகுதியும் அதில் உண்டு. இயந்திரத்தையே ஓட்டும் லினக்ஸ்-சி.என்.சி., அமெரிக்கத் தர நிர்ணய நிலையத்தின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. பெங்களூரில் காடெம் என்னும் இந்திய நிறுவனமும் லேத், மில்லிங் வேலைகளுக்கென கேம் மென்பொருள் உருவாக்கியிருக்கிறது. அரசு அலுவலகங்கள் திறந்த மூலநிரலுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மத்திய அரசு 2015இல் கொள்கை வகுத்திருப்பதால், பயிற்சி நிலையங்கள் இவற்றைக் கேட்டுப் பெறத் தடையில்லை. எனினும் மிகைப்படக் கூறலாகாது. தட்டையான பரப்பு, பள்ளம், துளை ஆகியவற்றிற்கு ஃப்ரீகேட் போதும். ஐந்து அச்சில் திரும்பும் சிக்கலான வேலைக்கு விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்களே இன்றும் முன்னிற்கின்றன. திறந்த மூலநிரலுக்கு உரிமம் முடிவதில்லை. ஆனால் தொலைபேசியில் அழைத்தால் விடைசொல்ல யாரும் கடமைப்பட்டவரும் அல்லர்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் பின்வரும் பயிற்சியை ஒரு வாரத்திற்குள் நடத்தலாம். நான்கு துளைகளும் ஒரு பள்ளமும் உள்ள தகடு ஒன்றை மாணவர் ஃப்ரீகேட்டில் வரைந்து, ஒரே கருவிப்பாதையை இரண்டு வெவ்வேறு போஸ்டுகளால் எழுதச் செய்ய வேண்டும். இரண்டு கோப்புகளையும் காகிதத்தில் அச்சிட்டு, வேறுபடும் வரிகளின் கீழ்க் கோடிட்டு, ஒவ்வொரு வேறுபாட்டிற்கும் காரணம் எழுதச் செய்யலாம். பின்னர் ஒரு துளையின் இடத்தை 5 மில்லிமீட்டர் தள்ளி, மென்பொருளைத் திறவாமலே ஜி-கோடைக் கையால் திருத்தி, உலோகத்திற்கு மேலே 50 மில்லிமீட்டர் உயரத்தில் வெறுமனே ஓட்டிப் பார்த்தபின், மரத்துண்டில் வெட்டிச் சரிபார்க்க வேண்டும்.